அடுக்களைக் கழிவிலிருந்து எரு: ஆற்றலும் எல்லையும்

மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே திருப்பித் தருவது நமது நாட்டு உழவர்களின் நெடுநாளைய வழக்கம். வீட்டின் பின்புறத்தில் ஓர் எருக்குழி இருக்கும். சாணம், சாம்பல், இலைச் சருகு, காய்கறித் தோல் ஆகிய அனைத்தும் அதில் சேரும். கோடைக் காலத்தில் குழியை வெட்டி, மக்கிய எருவை வண்டியில் ஏற்றி வயலில் பரப்புவார்கள். நகரங்கள் பெருகிய பின்னர் இச்சுழற்சி அறுபட்டது. கிராமத்தில் விளையும் உணவு நகரத்துக்கு வருகிறது. அதன் கழிவோ கிராமத்துக்குத் திரும்புவதில்லை. அது நகரின் எல்லையில் குன்றாகக் குவிகிறது. வயல், மூட்டையில் வரும் உரத்தை எதிர்பார்த்து நிற்கிறது.

இவ்விரு காட்சிகளையும் ஒருசேரக் காண்போர், "வீட்டுக் கழிவு அனைத்தையும் எருவாக்கினால் ரசாயன உரம் தேவைப்படாதே?" என்று வினவுவது இயல்பு. இவ்வினாவுக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு விடையும், நெல் வயலுக்கு வேறொரு விடையும், நகராட்சிக்கு மற்றொரு விடையும் உண்டு. எரு உண்டாகும் விதத்தையும், அதிலுள்ள சத்தின் அளவையும், அது செய்யக்கூடியதையும் செய்ய இயலாததையும் கணக்கோடு ஆராய்வது மாணவர்களுக்கும் ஆட்சித் துறையினருக்கும் பயன் தரும்.

நமது நாட்டின் முன்னோடி முயற்சிகள்

குப்பையிலிருந்து எரு தயாரிக்கும் முறையை அறிவியல் வழியில் ஒழுங்குபடுத்தியதில் இந்தியாவுக்குச் சிறப்பான இடம் உண்டு. 1924-இல் இந்தூரில் தாவரத் தொழில் ஆய்வுக் கழகம் அமைந்தது. அதன் தலைவராயிருந்த ஆல்பர்ட் ஹோவர்டு, யஷ்வந்த் வாட் என்பாருடன் இணைந்து, பண்ணைக் கழிவையும் சாணத்தையும் அடுக்கடுக்காகக் குவித்து, குறித்த இடைவெளியில் புரட்டிவிட்டு, ஏறத்தாழ மூன்று திங்களில் எருவாக்கும் முறையை வகுத்தார். 'இந்தூர் முறை' எனப்படும் இது 1931-இல் நூல் வடிவில் வெளியாகிப் பல நாடுகளுக்கும் பரவியது. காற்று நன்கு புகுந்தால் கழிவு விரைவில் மக்கும் என்பது இதன் அடிப்படை.

இரண்டாவது முறை பெங்களூரில் தோன்றியது. இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சி. என். ஆச்சார்யா, 1939-இல் நகரக் குப்பையையும் மலக்கழிவையும் குழிகளில் மாறி மாறி அடுக்கி, மேலே சேற்று மண்ணால் மூடிவிடும் முறையைத் தந்தார். புரட்டிவிடும் வேலை இதில் இல்லை. கூலி குறைவு, ஆனால் எரு உருவாகப் பல திங்கள் காத்திருக்க வேண்டும். அடுத்து வந்த ஆண்டுகளில் நகராட்சிகள் பல இம்முறையைக் கையாண்டன. விடுதலை பெற்ற ஆண்டாகிய 1947-இன் டிசம்பரில், மீராபென் எடுத்த முயற்சியால், டாக்டர் ராஜேந்திர பிரசாத் தலைமையில் புதுதில்லியில் அகில இந்திய எரு மாநாடு நடைபெற்றது. உணவுப் பற்றாக்குறை கடுமையாயிருந்த அக்காலத்தில் எரு நாட்டுப் பிரச்சினையாகவே கருதப்பட்டது.

1970-களில் இயந்திரங்களின் மீது நம்பிக்கை எழுந்தது. மத்திய அரசின் உதவியுடன் பெருநகரங்கள் சிலவற்றில் இயந்திர எருத் தொழிற்சாலைகள் நிறுவப்பட்டன. நாளடைவில் அவற்றுள் பெரும்பாலானவை மூடப்பட்டன. கழிவு பிரிக்கப்படாமல் வந்தமையால் கண்ணாடித் துண்டும், கல்லும், தகரமும், துணியும் எருவில் கலந்தன. பராமரிப்புச் செலவு ஏறியது. உழவர்கள் எருவை வாங்க முன்வரவில்லை. கழிவு இயந்திரத்தை அடையும்போது தூயதாக இருத்தல் வேண்டும் என்பதே இத்தோல்வி கற்பித்த பாடம்.

எரு உண்டாகும் விதம்

எரு என்பது அழுகல் அன்று. ஒழுங்குபட்ட உயிரியல் மாற்றம். கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியாக்களும், பூஞ்சைகளும், கதிர்ப்பூஞ்சைகளும் கழிவை உண்டு, அதிலுள்ள கரிமத்தில் ஒரு பகுதியை ஆற்றலாகப் பயன்படுத்திக் கரியமில வாயுவாக வெளியிடுகின்றன. எஞ்சுவது கறுத்து, உதிர்ந்து, மண் மணம் கமழும் மக்குப்பொருள். இம்மாற்றம் செம்மையாக நடைபெற நான்கு தேவைகள் உண்டு.

முதலாவது, கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையேயுள்ள விகிதம். நுண்ணுயிர்களுக்கு ஏற்ற விகிதம் ஏறத்தாழ 25:1 முதல் 30:1 வரை. காய்கறிக் கழிவிலும் உணவு மிச்சத்திலும் தழைச்சத்து மிகுதி. அவற்றின் விகிதம் பொதுவாக 20:1-க்கும் குறைவு. சருகு, வைக்கோல், மரத்தூள், காகிதம் ஆகியவற்றில் கரிமம் மிகுதி. ஈரக் கழிவோடு உலர்ந்த பொருளைக் கலக்க வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே. இரண்டாவது, ஈரம். நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் போதுமானது. சமையலறைக் கழிவில் நூற்றுக்கு 70 அல்லது 80 பங்கு நீராகவே இருப்பதால், தனியே வைத்தால் கூழாகிவிடும். மூன்றாவது, காற்று. காற்று கிடைக்காவிடில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி, துர்நாற்றமும் மீத்தேன் வாயுவும் உண்டாகும். நான்காவது, வெப்பம். குவியல் போதிய அளவில் இருந்தால் அதன் நடுப்பகுதி 55 பாகைக்கு மேல் சூடேறும். இச்சூடு நோய்க்கிருமிகளையும் களை விதைகளையும் அழிக்கிறது. பின்னர்ச் சூடு தணிந்து, எரு முதிர்ச்சியடைகிறது.

வீட்டில் வைக்கும் சிறு கலத்தில் இவ்வளவு வெப்பம் ஏறுவதில்லை. ஆகவே அங்கு நோயுற்ற செடிகளையும் வளர்ப்புப் பிராணிகளின் கழிவையும் இடலாகாது.

வீட்டில் தயாரிக்கும் முறை

ஒரு குடும்பத்துக்கு 20 முதல் 30 லிட்டர் கொள்ளும் இரண்டு கலங்கள் போதும். மண்பானையாயினும், பிளாஸ்டிக் வாளியாயினும் பக்கங்களில் சிறு துளைகளும் அடியில் நீர் வடியத் துளையும் இருத்தல் வேண்டும். அடியில் நான்கு விரற்கடை உயரம் சருகோ தேங்காய் நார்க் கழிவோ பரப்புக. அன்றாடம் சேரும் காய்கறித் தோல், பழத்தோல், தேயிலைச் சக்கை, வாடிய பூ ஆகியவற்றைச் சிறு துண்டுகளாக்கி இடுக. ஒரு படி ஈரக் கழிவுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் படி உலர்ந்த பொருள் என்னும் அளவில் மேலே தூவி மூடுக. தொடக்கத்தில் ஒரு கைப்பிடி பழைய எருவோ, சாணக் கரைசலோ, புளித்த மோரோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் விரைந்து பெருகும். வாரத்துக்கு இருமுறை கிளறிவிடுதல் நலம்.

முதற்கலம் நிரம்பியதும் அதை மூடி வைத்துவிட்டு இரண்டாவதைத் தொடங்க வேண்டும். இரண்டாவது நிரம்பும் காலத்துக்குள் முதலாவது ஏறத்தாழ மக்கியிருக்கும். பொதுவாக இரண்டு முதல் மூன்று திங்களில் எரு ஆயத்தமாகும். சமைத்த உணவைச் சிறிதளவே சேர்க்கலாம். உப்பும் எண்ணெயும் மிகுந்தால் செடிகளுக்குத் தீங்கு. இறைச்சி, மீன் கழிவுகள் எலிகளையும் ஈக்களையும் ஈர்க்குமாதலால் சிறு கலங்களுக்கு ஏற்றவையல்ல.

பிழைகளைக் கண்டறிவது எளிது. அழுகிய முட்டை நாற்றம் வீசினால் ஈரம் மிகுதி, காற்று குறைவு; சருகு சேர்த்துக் கிளற வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி எழுந்தால் தழைச்சத்து மிகுதி. இதற்கும் உலர்ந்த பொருளே மருந்து. எறும்பு மொய்த்தால் கலம் உலர்ந்துவிட்டது. நீர் தெளிக்க வேண்டும். கைப்பிடி அளவு எடுத்துப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டுமே கசிவது சரியான பதம்.

எரு முதிர்ந்ததா என்பதை அறியாமல் செடிக்கு இடலாகாது. முதிராத எரு மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தானே கவர்ந்துகொண்டு பயிரை வெளிறச் செய்யும். சிறிதளவு எருவை ஈரத்துடன் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறந்தால் மண் மணமே வர வேண்டும். நாற்றம் வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். எருவில் சில வெந்தய விதைகளை ஊன்றி முளைப்பதைக் கவனிப்பதும் நல்ல சோதனை. இடவசதி உள்ளோர் மண்புழு எருவும் தயாரிக்கலாம். எனினும் புழுக்களுக்கு நிழலும், மிகாத சூடும், தொடர்ந்த கவனிப்பும் தேவை.

கணக்கு காட்டும் உண்மை

நான்கைந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தில் நாளொன்றுக்கு முக்கால் கிலோ ஈரக் கழிவு சேர்வதாகக் கொள்வோம். ஆண்டுக்கு ஏறத்தாழ 275 கிலோ. நீர் ஆவியாகி, கரிமத்தில் ஒரு பகுதி வாயுவாகப் போனபின் ஐந்தில் ஒரு பங்கு எருவாக எஞ்சும் எனக் கொண்டால், ஆண்டுக்கு 55 கிலோ எரு கிடைக்கும். அதில் நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து எனக் கொண்டால், ஒரு குடும்பம் தரும் தழைச்சத்து அரை கிலோவுக்குச் சற்று மேல்.

இதனை யூரியாவோடு ஒப்பிடுவோம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. 45 கிலோ மூட்டை ஒன்றில் ஏறத்தாழ 20.7 கிலோ தழைச்சத்து அடங்கியுள்ளது. எனவே ஒரு மூட்டை யூரியாவுக்கு ஈடான தழைச்சத்தைத் தர, சுமார் 38 குடும்பங்களின் ஓராண்டு எரு வேண்டும். பாசன நிலத்தில் ஓர் எக்டேர் உயர் விளைச்சல் நெல்லுக்கு 120 கிலோ தழைச்சத்து இட வேண்டுமெனில், 12 டன் எரு, அதாவது ஏறத்தாழ 220 குடும்பங்களின் ஓராண்டு உழைப்பு தேவை. எருவிலுள்ள தழைச்சத்து முழுவதும் முதற்பருவத்திலேயே பயிருக்குக் கிடைப்பதுமில்லை. அது மெல்ல மெல்லவே வெளிப்படும்.

நாடு முழுவதற்கும் இதே கணக்கை விரிக்கலாம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 ஆண்டறிக்கைப்படி நமது நகரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,60,000 டன் திடக்கழிவு உண்டாயிற்று. அதில் பாதி மக்கும் கழிவு எனக் கொண்டு, அனைத்தையும் ஒரு கிலோகூட வீணாகாமல் எருவாக்கினால், ஆண்டுக்கு 58 லட்சம் டன் எரு கிடைக்கும். அதிலுள்ள தழைச்சத்து 58,000 டன். நமது நாட்டு வயல்களில் ஆண்டுதோறும் உரமாக இடப்படும் தழைச்சத்தோ ஏறத்தாழ இரண்டு கோடி டன். ஆயிரத்துக்கு மூன்று பங்கு மட்டுமே குப்பையிலிருந்து வரக்கூடும்.

இக்கணக்கு கசப்பானதாயினும் மறைக்கத் தக்கதன்று. வீட்டுக் கழிவு எரு, நாட்டின் தழைச்சத்துத் தேவைக்கு மாற்றாகாது. இதனை உணராமல் ரசாயன உரத்தை ஒரே நாளில் கைவிடச் சொல்வது உழவரைத் துன்பத்தில் ஆழ்த்தும். அண்டை நாடாகிய இலங்கையில் 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. ஈடுகட்டப் போதிய அங்கக எரு கைவசம் இல்லை. நெல் விளைச்சல் பெரிதும் சரிந்தது, தேயிலையும் பாதிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே தடை விலக்கிக்கொள்ளப்பட்டது.

எனில், எருவின் பயன் யாது?

எருவை யூரியாவின் அளவுகோலால் மட்டும் அளப்பது, பசுவை அதன் தோலின் விலையால் மதிப்பதற்கு ஒப்பாகும். யூரியா தருவது ஒரே ஒரு சத்து. எரு தருவது மண்ணின் உயிர்.

நமது வெப்ப நாட்டில் மண்ணிலுள்ள கரிமம் விரைவில் எரிந்துபோகிறது. நாட்டின் பெரும்பகுதி நிலங்களில் கரிமச் சத்து குறைவு. கரிமம் குன்றிய மண் நீரைப் பிடித்து வைப்பதில்லை. இட்ட உரத்தையும் பிடித்து வைப்பதில்லை. யூரியாவின் ஒரு பகுதி காற்றில் கலக்கிறது. ஒரு பகுதி நிலத்தடி நீரில் இறங்குகிறது. எரு இட்ட மண்ணில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து, நீரும் காற்றும் தங்கும் இடைவெளிகள் உண்டாகின்றன. நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு போன்ற நுண்சத்துகளும் சேருகின்றன.

இதற்கு நீண்டகாலச் சான்று உண்டு. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 1970-இல் நாட்டின் பல்வேறு மண் வகைகளில் நெடுங்கால உரச் சோதனைகளைத் தொடங்கியது. ஆண்டுதோறும் தழைச்சத்து மட்டும் இடப்பட்ட நிலங்களில் விளைச்சல் காலப்போக்கில் குன்றியது. மூன்று பேரூட்டங்களையும் சமநிலையில் பெற்றதோடு தொழு உரமும் பெற்ற நிலங்களே விளைச்சலை நிலையாகத் தந்தன. எருவும் உரமும் பகைவர் அல்லர். ஒன்று மற்றொன்றின் பயனைப் பெருக்குகிறது. மண்ணின் நலம் உயர உயர, அதே விளைச்சலுக்குத் தேவைப்படும் ரசாயன உரத்தின் அளவு குறைகிறது. எரு ரசாயன உரத்தைக் குறைப்பது இவ்வழியில்தான்.

சாம்பல் சத்து உரத்துக்கு நாம் ஏறத்தாழ முற்றிலும் வெளிநாட்டையே நம்பியுள்ளோம். மணிச்சத்து உரத்துக்கான மூலப்பொருளும் பெரும்பாலும் கப்பலில் வருகிறது. உலகச் சந்தையில் விலை ஏறியபோது, 2022-23-இல் மத்திய அரசின் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. வாழைப்பழத் தோலிலும் கீரைத் தண்டிலும் உள்ள சாம்பல் சத்தைக் குப்பைமேட்டில் புதைத்துவிட்டு, அதே சத்தைக் கடல் கடந்து வாங்குவது நல்ல இல்லறமன்று.

நகரம் அடையும் நன்மை இன்னும் பெரிது. குப்பைமேட்டில் புதையும் உணவுக் கழிவு காற்றின்றி அழுகி மீத்தேனை வெளியிடுகிறது. நூறாண்டுக் கணக்கில் இது கரியமில வாயுவைப் போல் 28 மடங்கு அளவில் புவியைச் சூடேற்றவல்லது. மேட்டிலிருந்து கசியும் கருநீர் கிணறுகளைக் கெடுக்கிறது. மும்பையின் தேவனார் குப்பைமேடு 2016 ஜனவரியில் தீப்பற்றி நகரையே புகையால் மூடியது. 2017 செப்டம்பரில் தில்லி காஜிப்பூர் குப்பைமேடு சரிந்து இருவர் உயிரிழந்தனர். கொச்சியின் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் மூண்ட தீ ஒரு வாரத்துக்கு மேலாகப் புகைந்தது. இத்துன்பங்களைப் பெரும்பாலும் சுமப்பவர்கள், குப்பைமேட்டின் அருகே குடியிருக்கும் ஏழை மக்களே.

ஆலப்புழை காட்டிய வழி

கேரளத்தின் ஆலப்புழை நகரம் தன் குப்பையை நெடுங்காலம் அண்டைப் பஞ்சாயத்திலுள்ள சர்வோதயபுரத்தில் கொட்டி வந்தது. நாற்றத்தையும் நீர் மாசையும் பொறுக்க இயலாத அவ்வூர் மக்கள் 2012-இல் குப்பை வண்டிகளைத் தடுத்து நிறுத்தினர். குப்பை நகரின் தெருக்களிலும் கால்வாய்களிலும் தேங்கியது. கொட்ட வேறிடம் தேடுவது வழக்கமான தீர்வு. அந்நாளில் அத்தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராயிருந்த டி. எம். தாமஸ் ஐசக்கின் முன்முயற்சியோடு நகராட்சி வேறு வழியை நாடியது. அவ்வாண்டின் இறுதியில் 'நிர்மல பவனம், நிர்மல நகரம்' என்னும் திட்டம் தொடங்கப்பட்டது.

மக்கும் கழிவை அது உண்டாகும் இடத்திலேயே பயன்படுத்த வேண்டும் என்பதே இதன் கொள்கை. இடமுள்ள வீடுகளுக்கு மானியத்தில் சாண எரிவாயுக் கலத்தைப் போன்ற சிறு கலங்கள் வழங்கப்பட்டன. அவற்றில் உணவுக் கழிவு சமையல் வாயுவாகவும் திரவ எருவாகவும் மாறியது. மற்ற வீடுகளுக்கு இரண்டு குழாய்களைக் கொண்ட எளிய எருக்கலம் தரப்பட்டது. ஒரு குழாய் நிரம்பியதும் மூடிவிட்டு மற்றதைப் பயன்படுத்துவர். வீட்டில் இடமில்லாதோர்க்குத் தெருவோரங்களில் 'தும்பூர்முழி' வகைப் பொதுத் தொட்டிகள் அமைக்கப்பட்டன. காற்றுப் புகும் இடைவெளிகள் கொண்ட நான்கடிச் சதுரத் தொட்டியில் சாணம், சருகு, கழிவு என அடுக்கினால் மூன்று திங்களில் எரு ஆயத்தமாகும். 2017-இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம், கழிவு மேலாண்மையில் எடுத்துக்காட்டான ஐந்து நகரங்களுள் ஒன்றாக ஆலப்புழையைக் குறிப்பிட்டது.

சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் 2015 முதல் மகளிர் சுயஉதவிக் குழுவினர் வீடுதோறும் சென்று, பிரித்து வைத்த கழிவைப் பெற்று, மையங்களில் மேலும் நுணுக்கமாக வகைப்படுத்தினர். பயன்படும் பொருளை விற்றும், வீடுகளிலிருந்து சிறு கட்டணம் பெற்றும் செலவை ஈடுகட்டினர். நகரின் பழைய குப்பை கொட்டும் இடம் பூங்காவாயிற்று. இரு நகரங்களின் முறைகள் வேறு, அடிப்படை ஒன்று. பிரிக்கும் வேலை அடுக்களையிலேயே தொடங்கியது.

தரமும் நம்பிக்கையும்

எருவைக் குறித்து உழவருக்கு எழும் ஐயம் நியாயமானதே. கலப்புக் குப்பையிலிருந்து தயாரித்த எருவில் மின்கலம், சாயம், குழல்விளக்கு ஆகியவற்றிலிருந்து ஈயமும், காட்மியமும், பாதரசமும் கலந்துவிடக்கூடும். இவை மக்குவதில்லை, ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். ஒருமுறை நஞ்சேறிய வயலைத் தூய்மை செய்வது ஏறத்தாழ இயலாத செயல். எனவே உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர எருவுக்கு வரம்புகளை விதித்துள்ளது. ஒரு கிலோ எருவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கும் மிகலாகாது. எருவின் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 20-க்கு மேற்படலாகாது.

சட்டங்களுக்குக் குறைவில்லை. உச்ச நீதிமன்றத்தில் 1996-இல் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கின் பயனாக 2000-இல் நகரத் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016 விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூவகையாகப் பிரித்துத் தருவதைக் கழிவை உண்டாக்குவோரின் கடமையாக்கின. அதே ஆண்டில் மத்திய அரசு நகர எரு விற்பனைக்கு டன்னுக்கு ரூ.1,500 சந்தை ஊக்க உதவி அறிவித்தது. ஆயினும் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை 2018-இல் வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக ரூ.242 என்று நிர்ணயிக்கப்பட்டது. அதற்கு ஈடான தழைச்சத்தைப் பெற இரண்டு டன் எருவை வண்டி வைத்து ஏற்றி, இறக்கி, பரப்ப வேண்டும். நெடுந்தொலைவு சென்றால் வண்டிக்கூலியே எருவின் விலையை விழுங்கிவிடும். எரு தொலைவுப் பயணத்துக்கு ஏற்ற சரக்கன்று.

செய்யத்தக்கவை

இவற்றிலிருந்து ஆட்சித் துறையினர் கொள்ளத்தக்க முடிவுகள் சில உண்டு.

(1) இலக்கை எருவின் டன் கணக்கில் வைக்காமல், கழிவைப் பிரித்துத் தரும் வீடுகளின் எண்ணிக்கையில் வைத்தல் வேண்டும். டன் கணக்கை எட்டும் அவசரத்தில் கலப்புக் குப்பையும் எருவாகக் கணக்கில் ஏறிவிடும்.

(2) வீடு பிரித்துத் தந்த கழிவை வண்டியில் மீண்டும் ஒன்றாகக் கொட்டுதல் கூடாது. ஒருமுறை இதனைக் கண்ட குடும்பம் மறுநாள் பிரிப்பதை நிறுத்திவிடும். தனித்தனிக் கலம் கொண்ட வண்டி முதற்செலவாக அமைய வேண்டும்.

(3) எரு தயாராகும் இடத்துக்கு அருகிலேயே அதன் பயன்பாடும் இருத்தல் நலம். பூங்கா, பள்ளித் தோட்டம், நாற்றங்கால், நகரைச் சூழ்ந்த காய்கறி நிலங்கள் ஆகியவை முதலிடம் பெறத்தக்கவை. 58 லட்சம் டன் எருவை எக்டேருக்கு 5 டன் வீதம் இட்டால், ஆண்டுக்குச் சுமார் 11 லட்சம் எக்டேருக்கு மேல் பயன் பெறும். நாட்டின் மொத்தச் சாகுபடிப் பரப்பில் இது சிறு பகுதியே. நகரங்களைச் சூழ்ந்த காய்கறி நிலங்களுக்கு இது பெருஞ்செல்வம்.

(4) ஒவ்வொரு தொகுதி எருவையும் சோதித்து, முடிவை மூட்டையின் மீதே அச்சிட வேண்டும். உழவரின் நம்பிக்கையைச் சலுகையைவிடத் தரமே விரைவில் பெற்றுத் தரும்.

(5) கழிவைக் கையாளும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறையும், முறையான ஊதியமும், மருத்துவப் பாதுகாப்பும் உறுதி செய்யப்பட வேண்டும். அவர்களது உழைப்பின்றி இத்திட்டங்களுள் எதுவும் ஒரு நாளும் நடவாது.

(6) விரிவாக்கப் பணியாளர்கள் எருவை உரத்துக்குப் போட்டியாக அல்லாமல் துணையாக விளக்க வேண்டும். மண் பரிசோதனைக்கு ஏற்ப உரத்தைப் படிப்படியாகக் குறைக்கும் உழவர் இழப்படைவதில்லை.

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறலாம். மாடித் தோட்டத்துக்கும் வீட்டுத் தோட்டத்துக்கும் அடுக்களை எரு ரசாயன உரத்துக்கு முழு மாற்று. வயலுக்கு அது மாற்றன்று. உரத்தின் அளவைக் குறைத்து, அதன் பயனைக் கூட்டும் துணை. நகரத்துக்கோ, அது குப்பைமேட்டிலிருந்து விடுதலை. ஒரு குடும்பம் ஆண்டில் தரும் அரை கிலோ தழைச்சத்து சிறிதுதான். ஆனால் அக்குடும்பம் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தும் 275 கிலோ கழிவு சிறிதன்று. மக்குவதையும் மக்காததையும் அடுக்களையில் பிரித்து வைப்பதற்குச் சில நொடிகள் போதும். அங்குத் தவறவிட்டதைப் பின்னர் எந்த இயந்திரத்தாலும் ஈடுசெய்ய இயலவில்லை என்பதே ஐம்பது ஆண்டு அனுபவம் நமக்குக் கற்பித்திருப்பது.